இருபத்தாறாவது கிலோ

சங்கிலிப்பாண்டியின் தலைக்குத் தராசு தேவையில்லை. ராஜபாளையத்தில் ஒரு மொத்த அரிசிக் கடையின் சரக்குக் கிட்டங்கியில் முப்பத்தொரு வருஷமாக மூடை சுமக்கிறார். சும்மாட்டின் மேல் பாரம் வந்து உட்கார்ந்ததுமே கழுத்து எடையைச் சொல்லிவிடும். பையின் மூலையில் தையல் விட்டு அரைக்கிலோ ஒழுகியிருந்தால்கூடத் தெரியும். இதை அவர் பெருமையாக யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை. கழுத்து வலிக்கிற நாட்களில் மனைவி வெள்ளைத்தாயிடம் எரிச்சலோடு சொல்வார். அந்த அம்மாள் பேண்டேஜ் துணி நெய்கிற தறிக்கூடத்தில் வேலை பார்க்கிறவள், அவளுக்கே முழங்கால் வலி. "எனக்கு மட்டும் என்ன பஞ்சுலயா செஞ்சிருக்கு?" என்று தைலத்தை அவர் பக்கம் தள்ளிவிடுவாள்.

2022-ம் வருஷம், ஆடி பிறந்து பத்துப் பதினைந்து நாள் இருக்கும். மில்லிலிருந்து வந்த லாரியில் முதல் சிப்பத்தைத் தலையில் வாங்கினார். சிப்பம் என்றால் இருபத்தைந்து கிலோ அரிசிப் பை. இரண்டு எட்டு வைத்தவர் அப்படியே நின்றார்.

"இது சிப்பம் இல்ல."

"பின்ன என்னவாம், சீர்வரிசையா?" என்றான் பின்னால் நின்ற ராம்கி. சுமைக்காரர்கள் நாலு பேரில் வயது குறைந்தவனும் வாய் நீண்டவனும் அவன்தான்.

"எடை கூட இருக்குலே. எறக்கி வச்சுத் தராசுல போடு."

போட்டுப் பார்த்தார்கள். இருபத்தாறு கிலோ. கணக்குப்பிள்ளை சந்தனம் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பையைப் படித்தார். அதிலும் இருபத்தாறு என்றுதான் அச்சடித்திருந்தது. விஷயத்தை விளக்கினார். இருபத்தைந்து கிலோ வரைக்கும் பையில் அடைத்து, பேரும் எடையும் போட்டு விற்கிற அரிசிக்கு நூற்றுக்கு ஐந்து ரூபாய் வரி வந்துவிட்டது. இருபத்தைந்துக்கு மேல் போனால் வரி கிடையாது. எனவே மில்காரர்கள் பையில் ஒரு கிலோவைக் கூட்டிப்போட்டு வரியிலிருந்து கழன்றுகொண்டார்கள். சட்டத்துக்கு விரோதமும் இல்லை. வாங்குகிறவர்களுக்கும் சிப்பத்துக்கு அறுபது ரூபாய் மிச்சம்.

"எல்லாருக்கும் நல்லதுதான்," என்றார் சந்தனம்.

சங்கிலிப்பாண்டி கிட்டங்கிப் படிகளைப் பார்த்தார். செங்குத்தாக ஏழு படி. லாரிக்கு நானூறு சிப்பம் வரும். நாலு பேர் என்றால் ஆளுக்கு நூறு நடை. நடைக்கு ஒரு கிலோ கூட. அப்படியானால் ஒரு லாரிக்கு அவர் கழுத்தின் மேல் நூறு கிலோ புதிதாக ஏறுகிறது. வாரத்துக்கு மூன்று லாரி. கூலியோ சிப்பத்துக்கு மூன்று ரூபாய் என்று பேசியது பேசியபடியே நிற்கிறது. எடையைப் பற்றி யாரும் பேசவில்லை, ஏனென்றால் சிப்பம் என்றாலே இருபத்தைந்து என்பது ஊருக்கே தெரிந்த விஷயம்.

அன்றைக்கே முதலாளியிடம் போனார். முதலாளி வினோத்துக்கு அப்போது முப்பத்து மூன்று வயது. அப்பா காலமான பிறகு கடையை எடுத்து நடத்துகிறவர். கெட்ட மனிதர் இல்லை. கூலி விஷயம் வந்தால் மட்டும் காது சரியாகக் கேட்காது. அவருடைய அப்பாவுக்கும் அதே காதுதான்.

"ஒரு கிலோதானண்ணே," என்றார் வினோத், கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்காமல். "ஒரு கிலோவுக்குப் போயி கூலி பேசுவாகளா? நான் என்ன ஆசப்பட்டா ஏத்துனேன்? கவர்மெண்டு போட்ட வரி. எல்லாரும் கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கிட வேண்டியதுதான்."

எல்லாரும் என்று அவர் சொன்ன கூட்டத்தில் ஏழு படி ஏறுகிறவர்கள் நாலு பேர்தான் இருந்தார்கள்.

அந்தப் பொங்கலுக்கு மறுபடி கேட்டார். அடுத்த பொங்கலுக்கும் கேட்டார். அதற்கடுத்த பொங்கலுக்கு இவர் வாயைத் திறப்பதற்குள் வினோத், "ஒரு கிலோ வந்துட்டாருப்பா" என்று கடைக்காரர்களிடம் சொல்லிச் சிரித்தார். அவர்களும் சிரித்தார்கள். சங்கிலிப்பாண்டி சிரிக்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனார். ஆனால் கேட்டதை மறக்கவும் இல்லை. ஆளே அப்படித்தான். சொந்த ஊரான தேவதானத்தில் பையனாக இருந்தபோது, வரப்பு வெட்டின கூலியில் கால்வாசியைப் பிடித்துக்கொண்ட ஒருத்தர் வீட்டு வாசலில் ஒன்பது நாள் காலையில் போய் நின்று வாங்கி வந்தவர். அடித்துப் பேசத் தெரியாது. நிற்கத் தெரியும்.

வீட்டிலோ வெள்ளைத்தாய் வேறு மாதிரி பேசினாள். ரேஷன் அரிசி மாசக் கடைசி வரை வராது, அவர்களும் அந்தச் சிப்பத்தைத்தான் வாங்க வேண்டியிருந்தது. "நம்ம வீட்டுச் சிப்பமும் இருபத்தாறுதான. அறுவது ரூவா நமக்குந்தான் மிச்சம். அதையும் யோசிச்சுப் பாரும்."

சங்கிலிப்பாண்டி யோசித்துப் பார்த்தார். அவள் சொல்வதில் நியாயம் இருந்தது, அது வேறு அவருக்குக் கடுப்பாக இருந்தது.

"மிச்சம் ஒனக்கு இருக்கு, எனக்கு இருக்கு, மொதலாளிக்கு இருக்கு, மில்லுக்காரனுக்கு இருக்கு," என்றார் கடைசியில். "பாரம் மட்டும் எனக்குன்னா எப்படி?"

தைலத்தை எடுத்து அன்றைக்கு அவளே தேய்த்துவிட்டாள்.

மூன்று வருஷம் ஓடியது. 2025 புரட்டாசியில் சோப்பு, பற்பசை, தலைக்கு வைக்கிற எண்ணெய் எல்லாவற்றுக்கும் வரியைக் குறைத்துவிட்டார்கள் என்று டிவியில் சொன்னார்கள். வெள்ளைத்தாய் பழைய விலைக்கும் புது விலைக்கும் வித்தியாசம் கேட்டு மளிகைக் கடைக்காரரிடம் அரை மணி நேரம் சண்டை போட்டு, ஜெயித்து, நாலு சோப்போடு வந்தாள். சங்கிலிப்பாண்டிக்கு ஒரே கேள்விதான் இருந்தது. சந்தனத்திடம் போய்க் கேட்டார்.

"அரிசிச் சிப்பத்துக்கு வரி போயிருச்சா? பழையபடி இருபத்தஞ்சுக்கு வந்துருமா?"

சந்தனம் பேப்பரை இரண்டு தடவை பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "அரிசிய அப்படியேதான் வச்சிருக்காக."

அன்றைக்கு மதியம் லாரி வந்தபோது சங்கிலிப்பாண்டி ஒரு முடிவோடு இருந்தார்.

அந்தக் கிட்டங்கியில் எண்ணுவதற்கு ஒரு முறை உண்டு. சிப்பங்களை அட்டி போடுவார்கள். வரிசைக்கு ஐந்தாக ஐந்து வரிசை, ஓர் அட்டிக்கு இருபத்தைந்து. சிப்பத்தை இறக்கி வைக்கிறவர் எண்ணைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். முதல் சிப்பத்துக்கு ஒன்று என்று சொல்வதில்லை, களத்தில் நெல் அளக்கும்போது சொல்கிற மாதிரி லாபம் என்பார்கள். லாபம், ரெண்டு, மூணு என்று இருபத்தைந்து வரை போய், அடுத்த அட்டிக்கு மறுபடி லாபம். வெளியே உட்கார்ந்திருக்கிற கணக்குப்பிள்ளை அட்டிக்கு ஒரு கோடு போட்டுக்கொள்வார்.

அன்றைக்கு முதல் அட்டி முடிந்தது. "இருபத்தஞ்சு!" என்றான் ராம்கி. சங்கிலிப்பாண்டி அட்டியின் தலையில் உள்ளங்கையால் ஓங்கி ஒரு தட்டுத் தட்டி, அதே ராகத்தில் கூப்பிட்டார்.

"வரி!"

மற்ற மூன்று பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"இருபத்தஞ்சு சிப்பம் சொமந்தா, கூடுதலா இருபத்தஞ்சு கிலோ சொமந்திருக்கோம்," என்றார். "அது ஒரு முழுச் சிப்பம். கூலி குடுத்தாலும் குடுக்காட்டாலும் சொமந்தது சொமந்ததுதான். அத எண்ணாம விடப்படாது."

ராம்கி விழுந்து விழுந்து சிரித்தான். மூன்றாவது அட்டி வரைக்கும் சிரித்தான். எட்டாவது அட்டிக்கு அவனே தட்டிக் கூப்பிட்டான்.

வினோத் காதிலும் விழுந்தது. "கூப்பிட்டா கூப்பிட்டுட்டுப் போறாரு, கூப்பிடுறதுக்குக் காசா பணமா?" என்றார். சந்தனமும் சிரித்துக்கொண்டே எப்போதும்போல அட்டிக்கு ஒரு கோடு போட்டார். நாலு நாளில் அது எல்லாருக்கும் பழகிப்போய், லாரி இன்ஜின் சத்தம் மாதிரி யார் கவனத்திலும் நிற்காமல் போயிற்று. சங்கிலிப்பாண்டி மட்டும் ஒரு அட்டியையும் விடவில்லை. தொண்டை கட்டியிருந்த ஒருநாள் சத்தம் வராமல், இரண்டு தட்டாகத் தட்டினார்.

தீபாவளி முடிந்து சந்தனம் கண் ஆபரேஷனுக்காக வேலையிலிருந்து நின்றுகொண்டார். அவர் இடத்துக்கு வந்தவர் ஜயலக்ஷ்மி. நாற்பது வயது. ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்திலிருந்து காலை பஸ்ஸில் வருவார். இதற்கு முன் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் ரசீது போட்டவர், அரிசி வியாபாரம் புதிது. விரலில் மோதிரம் மாதிரி மாட்டிக்கொள்கிற சின்ன எண்ணும் கருவி ஒன்று வைத்திருந்தார். நாமம் சொல்லி எண்ணுவதற்காக ஆண்டாள் கோயில் பக்கத்துக் கடையில் வாங்கியது. பஸ்ஸில் வரும்போது நாமத்துக்கு அமுக்குவார். கடைக்கு வந்ததும் அதைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, சிப்பத்துக்கு அமுக்குவார். கிட்டங்கித் தூசி அவருக்குத் தும்மல் கொடுத்ததால் படிக்குக் கீழே, மின்விசிறியடியில் மேஜை போட்டுக் காதால் கேட்டே எண்ணினார்.

முதல் லாரிக்கு அவருடைய கருவி முந்நூற்று எண்பத்து நாலு காட்டியது. பில்லில் நானூறு. வினோத் பதறிப்போய் விசாரித்தார். ஜயலக்ஷ்மி அட்டியின் முதல் சிப்பத்தை எண்ணவே இல்லை என்று தெரிந்தது. நம்பராக வந்ததற்கு மட்டும் அமுக்கி, லாபம் என்பதை ஏதோ மங்கல வார்த்தை என்று விட்டுவிட்டாராம்.

"லாபமும் ஒரு சிப்பந்தான் மேடம்," என்றார் வினோத், கொஞ்சம் குரலை உயர்த்தி. "நம்பரா இருந்தாலும் சரி, வார்த்தையா இருந்தாலும் சரி. உள்ளருந்து ஒரு சத்தம் வந்தா ஒரு அமுக்கு. அம்புட்டுத்தான். இதுல ஒங்க யோசனையே வேண்டாம்."

ஜயலக்ஷ்மி சரி என்று தலையாட்டினார். சொன்னதை அப்படியே செய்கிறவர் அவர்.

இரண்டாவது லாரி கார்த்திகை மாசம் ஒரு வியாழக்கிழமை காலையில் வந்தது. பத்தரை மணிக்கு இறக்கி முடித்தார்கள். ஜயலக்ஷ்மி கருவியைப் பார்த்துச் சீட்டில் எழுதி வினோத்திடம் கொடுத்தார். நானூற்றுப் பதினாறு.

வினோத் பில்லைப் பார்த்தார். நானூறு. சீட்டைப் பார்த்தார். மில்லில் எவனோ தூக்கக் கலக்கத்தில் பதினாறு சிப்பத்தைக் கூடுதலாக ஏற்றிவிட்டான் என்று முடிவு கட்டினார். மில்லுக்குப் போன் போட்டுச் சொல்லலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்திருப்பார், நாம் அவரை அம்புட்டுக் குறைவாக எடைபோட வேண்டாம். ஆனால் போன் சட்டைப் பையிலேயே இருந்தது. லாரிக்காரரை, "வெயிலுக்கு முன்னாடி கெளம்புங்க" என்று அவசரமாக அனுப்பிவைத்தார். பிறகு சுமைக்காரர்கள் பக்கம் திரும்பி, "எல்லாருக்கும் டீ சொல்லு. வடையும் சொல்லு" என்றார்.

ராம்கி வடையைக் கையில் வைத்துக்கொண்டு, "யாருக்குண்ணே கல்யாணம்?" என்று சங்கிலிப்பாண்டியிடம் மெதுவாகக் கேட்டான்.

வினோத் கிட்டங்கிக்குள் போனார். அட்டிகளை எண்ணினார். பதினாறு அட்டி. ஒவ்வொன்றையும் தொட்டு எண்ணினார். எல்லாம் இருபத்தைந்து. நானூறு. மறுபடி எண்ணினார். இறங்கி வரும்போது முகம் மாறியிருந்தது.

"பதினாறு சிப்பம் எங்க?"

யாருக்கும் விளங்கவில்லை.

"எறங்குனது நானூத்திப் பதினாறு. உள்ள நானூறுதான் இருக்கு. அரை மணி நேரத்துல பதினாறு சிப்பம் எங்க போச்சு? பின் கதவு வழியா எவன் வண்டிய நிப்பாட்டுனீங்க? மரியாதையாச் சொல்லிருங்க. இல்லன்னா நான் ஸ்டேஷனுக்குத்தான் போகணும்."

சங்கிலிப்பாண்டி வடையைத் தாளில் வைத்தார். முப்பத்தொரு வருஷத்தில் அவரை யாரும் களவாணி என்று சொன்னதில்லை. சுமைக்காரனிடம் இருப்பது கழுத்தும் கை சுத்தமும்தான். இரண்டாவது போனால் ராஜபாளையத்தில் எந்தக் கிட்டங்கி வாசலையும் மிதிக்க முடியாது. டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.

"மொதலாளி, பில்லுல எம்புட்டு?"

வினோத் கையிலிருந்த பில்லைப் பார்த்தார். "நானூறு."

"உள்ள எம்புட்டு இருக்கு?"

"நானூறு."

"அப்ப எது காணாமப் போச்சு?"

கடைக்கு அரிசி வாங்க வந்திருந்தவர் ஒருத்தர் சட்டென்று சிரித்துவிட்டார். வினோத்துக்குக் காது சிவந்தது. கூடுதலாக வந்த சிப்பத்தைப் பற்றி மில்லுக்குச் சொன்னீர்களா என்று யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டியிருக்கவில்லை. அவர் ஜயலக்ஷ்மி பக்கம் திரும்பினார். "மேடம், நீங்க என்னத்த எண்ணுனீங்க?"

"நீங்க சொன்னபடிதான் சார். ஒரு சத்தம் வந்தா ஒரு அமுக்கு," என்றார் ஜயலக்ஷ்மி. "லாபம்னா ஒண்ணு. அப்புறம் இருபத்தஞ்சு வரைக்கும். அப்புறம் வரின்னு கூப்பிட்டாங்க, அதுக்கும் ஒண்ணு. லாபம் ஒரு சிப்பம்னா வரியும் ஒரு சிப்பம்தானே? வார்த்தையா இருந்தாலும் அமுக்கச் சொன்னது நீங்கதான்."

சங்கிலிப்பாண்டிக்குத்தான் முதலில் விளங்கியது.

"யம்மா, வரி எத்தன தடவ கூப்பிட்டோம்?"

"பதினாறு அட்டிக்குப் பதினாறு தடவை."

"கேட்டுக்கிடுங்க மொதலாளி," என்றார் சங்கிலிப்பாண்டி. சத்தம் போடவில்லை. "அந்தப் பதினாறு சிப்பம் களவு போனது நெசந்தான். ஆனா ஒங்க கிட்டங்கில இருந்து போகல. எங்க கழுத்துல இருந்து போயிருக்கு. ஒவ்வொரு லாரிக்கும் போயிருக்கு. மூணு வருசமா நான் சொல்லுதேன், ஒங்களுக்குக் கேக்கல. இந்த அம்மா வந்து ரெண்டே லாரில எண்ணிட்டாக. நானூறு சிப்பத்துக்கு நானூறு கிலோ. பதினாறு இருபத்தஞ்சு எம்புட்டுன்னு நீங்களே பாருங்க, நீங்க படிச்சவிய."

வினோத்தின் விரல் தன்னையறியாமல் போனில் கணக்குப் போட்டது. நானூறு வந்தது.

வாசலில் ஸ்ரீவில்லிபுத்தூர்க் கடைகளுக்கு அறுபது சிப்பம் ஏற்ற வேண்டிய மினி வேன் வந்து ஹாரன் அடித்தது. சங்கிலிப்பாண்டி சும்மாட்டுத் துணியை உதறித் தோளில் போட்டுக்கொண்டு படியில் உட்கார்ந்தார். ராம்கி வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். மற்ற இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள்.

"என்னண்ணே இது?" என்றார் வினோத்.

"ஒக்காந்திருக்கோம்."

வேன்காரர் மறுபடி ஹாரன் அடித்தார். வினோத் பல்லைக் கடித்துக்கொண்டு பக்கத்தில் வந்தார். "பதினாறு சிப்பம்னா நாப்பத்தெட்டு ரூவா. ஆளுக்குப் பன்னெண்டு ரூவா. ஒரு டீ காசு. ஒரு டீ காசுக்காண்ணே இந்தப் பாடு படுத்துறீங்க?"

"ஆமா மொதலாளி, டீ காசுதான்," என்றார் சங்கிலிப்பாண்டி. "அந்த டீய இந்த மூணு வருசமா நாங்கதான் ஒங்களுக்கு வாங்கிக் குடுத்துக்கிட்டிருக்கோம். லாரிக்கு நாலு டீ. இனிமே கட்டுப்படியாகாது."

அரிசி வாங்க வந்தவர் இந்தத் தடவை சிரிக்கவில்லை. வினோத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வினோத் வேனைப் பார்த்தார், படியில் இருந்த நாலு பேரைப் பார்த்தார். அந்த நிமிஷத்தில் அவருக்குக் காது கேட்டது.

"சரி. இன்னைல இருந்து நானூத்திப் பதினாறுக்கே கூலி. எந்திரிங்க."

"நோட்டுல எழுதச் சொல்லுங்க."

"அதான் சொல்லிட்டேன்லண்ணே..."

"ஒங்க சொல்லு மேல நம்பிக்க இருக்கு. எழுத்து மேல கொஞ்சம் கூட இருக்கு."

ஜயலக்ஷ்மி முதலாளியின் முகத்தைப் பார்க்காமலேயே கூலி நோட்டைத் திறந்து, சிப்பம் நானூறு என்று எழுதி, அதன் கீழே வரி பதினாறு என்று எழுதினார். வினோத் கையெழுத்துப் போட்டார்.

"அப்ப கழிஞ்ச மூணு வருசம்?" என்றான் ராம்கி எழுந்துகொண்டே.

வினோத் முறைத்தார். சங்கிலிப்பாண்டி சும்மாட்டைச் சுற்றித் தலையில் வைத்துக்கொண்டார். "அது பொங்கலுக்குப் பேச வேண்டியது. நான் வாரேன் மொதலாளி, வழக்கம்போல."

சாயங்காலம் திரும்பும்போது வீட்டுக்கு ஒரு சிப்பம் எடுத்துக்கொண்டு போனார். அதற்கு லாபமும் கிடையாது, வரியும் கிடையாது, கூலியும் கிடையாது. வெள்ளைத்தாய் நடந்ததையெல்லாம் இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டாள். களவாணிப் பேச்சு வந்த இடத்தில் வினோத்தைத் திட்டினாள், ஜயலக்ஷ்மி பேசிய இடத்தில், "அந்தப் பிள்ளைக்கு ஒரு சேலை எடுத்துக் குடுக்கணும்" என்றாள். பன்னிரண்டு ரூபாயை வாங்கிச் சாமி படத்துக்கு முன்னால் வைத்தாள். அவர் கழுத்தில் தைலம் தேய்த்துக்கொண்டிருக்கும்போது அவளுக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"நாளைக்கே கவர்மெண்டு அரிசி வரியையும் எடுத்துட்டா, இந்தப் பன்னெண்டு ரூவாயும் போயிருமே. அப்ப என்ன செய்வீரு?"

"எடுக்கட்டும்," என்றார் சங்கிலிப்பாண்டி. "சிப்பம் இருபத்தஞ்சுக்கு வரட்டும். என் தலையில வந்து ஒக்காந்ததும் எனக்குத் தெரிஞ்சுபோகும். அன்னைக்கே வரின்னு கூப்பிடுறத விட்டுருவேன். அது வரைக்கும் ஒரு அட்டியையும் விட மாட்டேன்."